பச்சை எரியும் இடம்

தோலில் வைத்து அழுத்தினால்தான் முடி எடுக்கும் அந்த மெஷினில் விளக்கு எரிய வேண்டும். எதிலும் வைக்காமலே எரிந்தது.

வயரில் விழுந்திருந்த முடிச்சை எடுப்பதற்காக இளமதி அதைக் கட்டிலுக்கு வெளியே நீட்டிப் பிடித்திருந்தாள். எதிரே ஒன்றும் இல்லை. தள்ளி ஒரு பீரோ, அதன் தலையில் சீர்வரிசைக்கு வாங்கிய எவர்சில்வர் அண்டா, அவ்வளவுதான். மெஷினின் முதுகில் இருந்த கடுகளவு விளக்கு பச்சையாகக் கண் விழித்தது. பட்டென்று ஒளி அடித்து, சன்னல் சாத்திய அந்த அறையின் மூலை முடுக்கெல்லாம் ஒரு கணம் வெளுத்து அடங்கியது. பிறகு, அவசரமே இல்லாமல், முடி பொசுங்கிய நாற்றம் வந்தது.

இளமதி தன் கையை முகர்ந்து பார்த்தாள். சந்தனமும் மஞ்சளும்தான் மணத்தன.

மெஷினின் கணக்கு எளிது. அதன் வாயில் இருக்கும் கண்ணாடி தோலில் படிந்தால் விளக்கு எரியும். வெளுத்த தோல் என்றால் பச்சை. ஒளி பாய்ந்து முடியின் வேரைச் சுடும். கறுத்த தோல் என்றால் சிவப்பு. அப்போது ஒளி வராது, வந்தால் முடியோடு தோலும் வெந்துபோகும். தோலே இல்லாவிட்டால் எந்த விளக்கும் கிடையாது. மெஷின் வந்த நாளிலிருந்து இளமதிக்குச் சிவப்புதான். உதட்டுக்கு மேல் வைத்தாலும் சிவப்பு, உள்ளங்கையை விட்டு எங்கே வைத்தாலும் சிவப்பு. ஏற்கெனவே இரண்டு இடத்தில் கேசரியைத் தின்றுவிட்டு நிறம் பற்றாது என்று சொல்லியனுப்பினார்கள். மெஷினும் பெண் பார்க்கக் கற்றுக்கொண்டு வந்திருந்தது.

அது நிச்சயதார்த்தத் தட்டில் வந்தது. சிதம்பரத்து மாப்பிள்ளை வீட்டார் பூ, பழம், புடவையோடு அதையும் ஜிகினாத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். மாப்பிள்ளை ராஜகணேஷின் அம்மா ராஜாம்பாள் அதைச் சபையிலேயே பிரிக்கச் சொன்னாள்.

"பொண்ணு கருப்புன்னாலும் களையா இருக்கா, நான் ஒண்ணும் சொல்லல. இந்த மீசையதான் முகூர்த்தத்துக்குள்ள எடுத்துடும்மா. எம் புள்ளைக்கே இவ்ளோ ஜாஸ்தி இல்ல."

சபை சிரித்தது. இளமதியின் அம்மா மாலதியும் சேர்ந்து சிரித்தாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, சரி. பெற்றவள் சிரித்ததை என்ன போட்டு மூடுவது?

தட்டை ஏந்தி நின்றவள் அந்த வீட்டு மூத்த மருமகள் நித்யஸ்ரீ. உரித்த முட்டை மாதிரி இருந்தாள். புருவம்கூடப் பென்சிலில் வரைந்ததுதான். தட்டை மாற்றும்போது இளமதியின் காதுக்குள் சொன்னாள்: "மொதல்ல செவப்புதான் வரும். எனக்கும் அப்டித்தான் வந்துச்சு. பச்ச எங்க எரியுதுன்னு தேடிப் பாரு."

அப்போது அதற்கு அர்த்தம் புரியவில்லை.

இப்போது மெஷினை மெல்ல நகர்த்தினாள். ஒரு சாண் தள்ளினால் விளக்கு இல்லை. திரும்பக் கொண்டுவந்தால் பச்சை. மேலே ஏற்றினாள், பச்சை. அது ஒரு தோளைப் போல வளைந்து, கழுத்தைப் போலக் குறுகி, தாடையைப் போல விரிந்தது. கட்டிலின் விளிம்பில் ஒருத்தி உட்கார்ந்தால் எந்த உயரம் இருப்பாளோ அந்த உயரம். வெளியே திருப்பாதிரிப்புலியூர் கேட்டில் ரயில் ஊதிக்கொண்டு போனது. சன்னல் கம்பிகள் நடுங்கின. மெஷினுக்கு எதிரே எதுவோ நடுங்காமல் உட்கார்ந்திருந்தது.

கதவைத் திறந்துகொண்டு மாலதி வந்தாள். கையில் மஞ்சள் கிண்ணம்.

"யாரும் இல்லாத எடத்துல என்னாத்தடி தேய்க்கிற? மூஞ்சில தேய்."

"அம்மா, இங்க யாரோ இருக்காங்கம்மா. வெளில வந்துடட்டா?"

"பந்தக்கால் நட்டாச்சு, நலங்கு வெச்சாச்சு. வாசப்படி தாண்டுனா காத்துக் கருப்பு அடிச்சிடும்." மாலதி விளக்கைப் பார்த்தாள். பச்சையைப் பார்த்தாள். அவள் பார்வை ஒரு நொடி அதிகமாகவே அங்கே நின்றது. "சாயங்காலம் சிதம்பரத்துலேர்ந்து அவுங்க வராங்க. இந்த எடமும் தட்டிப் போச்சுன்னா நான் நாண்டுக்கினு சாவேன், பாத்துக்க."

கதவைச் சாத்திக்கொண்டு போனாள். வெளித்தாழ்ப்பாள் விழுந்த சத்தமும் கேட்டது.

வியர்வை இளமதியின் முதுகில் இறங்கியது. ஓடுவதென்றால் எங்கே ஓடுவது? கட்டிலில் இருப்பதற்குப் பயப்படுவதா, சாயங்காலம் வரப்போகிறவளுக்குப் பயப்படுவதா என்று மனம் தராசு பிடித்தது. ராஜாம்பாள் பக்கம்தான் தட்டு தாழ்ந்தது. எப்போதும் பேயைவிடச் சபை பொல்லாதது.

ஒன்றைக் கவனித்திருந்தாள். பச்சையிலிருந்து மெஷினை எடுத்தால் விளக்கு உடனே அணைவதில்லை, ஒரு மூச்சு நேரம் தயங்குகிறது. அந்தத் தயக்கத்துக்குள் தன் உதட்டுக்கு மேல் இழுத்துக்கொண்டால், அது ஏமாந்து அடித்துவிடும். அதற்கு இரண்டு தோலும் ஒட்டி இருக்க வேண்டும். கன்னத்தோடு கன்னம்.

கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்தாள்.

அங்கே இருந்தது. குளிர்ந்து, வழவழத்து, ஒரு பூனைமுடிகூட இல்லாமல். பொசுங்கிய மூச்சு அவள் காதில் பட்டது. மெஷினை அதன் கன்னத்தில் வைத்து, எடுக்காமல், தன் உதட்டுக்கு இழுத்தாள். பட். கொள்ளிக்கட்டை வைத்தது போல எரிந்தது. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டு தடவிப் பார்த்தாள். முடி உதிர்ந்து விரலோடு வந்தது. வலியை மீறி அவளுக்குச் சந்தோஷம் வந்தது, வெட்கங்கெட்ட சந்தோஷம். மறுபடி சாய்ந்தாள். மறுபடி. ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் நெருங்கி வந்து காத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் எரிச்சல் குறைந்தது.

பிறகு சாய வேண்டியே இருக்கவில்லை.

நேராக உதட்டில் வைத்தாள். பச்சை. தாடையில். பச்சை. முழங்கையில். பச்சை. இளமதி சிரித்தாள். சிரிப்புச் சத்தம் சற்றுத் தள்ளிக் கேட்டது.

முழங்கையில் மெஷின் இருந்தது. அது பட்டதே அவளுக்குத் தெரியவில்லை.

கையை எடுக்க நினைத்தாள். கை வரவில்லை. அது தன் பாட்டுக்குத் தோளுக்குப் போனது. கழுத்துக்குப் போனது. பட். பட். சூடு இல்லை. வலி இல்லை. கட்டில் மெத்தை கீழே இல்லை.

பீரோக் கண்ணாடியில் ஒரு முகம். வழவழவென்று. வெளுத்து. அது சிரித்துக்கொண்டிருந்தது.

அவள் சிரிக்கவில்லை.

தாழ்ப்பாள் திறந்தது. "அம்மா!" என்றாள் இளமதி. ஒலி வரவில்லை. உட்கார்ந்திருந்தது எழுந்து, அவள் புடவையைச் சரிசெய்துகொண்டு, கையில் மெஷினோடு கூடத்துக்குப் போனது. நாய்க்குட்டி போல இளமதி அதன் பின்னால் இழுபட்டாள்.

கூடத்தில் மனை போட்டிருந்தது. ராஜாம்பாளும் நித்யஸ்ரீயும் வந்து உட்கார்ந்திருந்தார்கள். மாலதி மஞ்சளைக் குழைத்து மனையில் இருந்தவளின் கன்னத்தில் பூசினாள். பூசிய இடமெல்லாம் பொன் போலப் பிடித்தது. மாலதியின் கண் கலங்கியது.

"இப்பதான் எம் பொண்ணு மாதிரி இருக்கா," என்றாள்.

ராஜாம்பாள் அந்த முகவாயை வழித்துத் திருஷ்டி கழித்தாள். "மூத்தவளும் இப்டித்தான் மாறுனா. எங்க வூட்டு ராசி."

மனையில் இருந்த அது, மெஷினின் வயரைச் சுவரில் செருகச் சொன்னது. கையை நீட்டி, பக்கத்தில் காற்றில் வைத்தது. சரியாக இளமதியின் நெஞ்சில்.

சிவப்பு.

நித்யஸ்ரீ சிரித்தபடி அதைக் கைமாற்றி வாங்கி, பழகிய கையால், தன் இடப்பக்கத்துக் காற்றில் வைத்தாள். அங்கேயும் சிவப்பு. அந்தப் பக்கத்திலிருந்து கரடுமுரடான ஒரு கை துழாவிக்கொண்டு வந்து இளமதியின் கையைப் பிடித்தது. முடி இருந்தது அந்தக் கையில்.

மெஷின் மறுபடி இளமதியின் மேல் வந்தது. சிவப்பு சிமிட்டிக்கொண்டே இருந்தது.

"யாரும் இல்லாத எடத்துல…" என்று தொடங்கிய மாலதி நிறுத்தினாள். சிவப்பைப் பார்த்தாள். அது எரிந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், நேராக இளமதியின் கண் இருக்க வேண்டிய உயரத்தில். தெரிந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

மாலதி திரும்பி, மனையில் பொன்னாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தாள். ராஜாம்பாளின் நிறைந்த முகத்தைப் பார்த்தாள்.

மஞ்சள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து போய், சுவரில் மெஷினின் சுவிட்சை அணைத்தாள்.