நாற்பத்திரண்டு கிராம்

மிட்சுயோ மறுபடியும் ஐஸ்கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே ஜன்னலின் பாதி உயரத்துக்குப் பனி ஏறிக் கிடந்தது. தகாயாமா ஊரே போர்வைக்குள் காலை நீட்டிக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் ஜனவரிப் பிற்பகலில், மண்ணெண்ணெய் அடுப்பின் வாசனையும் முள்ளங்கி வேகும் வாசனையும் கலந்து நின்ற அந்தச் சமையலறையில், அவள் மட்டும் ஒரு கிண்ணம் நிறைய ஐஸை மடியில் வைத்துக்கொண்டு நறுக், நறுக்கென்று தின்றாள். கூடத்தில் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்த அவள் கணவன் எய்சுகேவுக்குப் பல் கூசியது.

"பனிக்காலத்துல இது என்ன கூத்து?"

"வாய் கேக்குதுங்க. உடம்புல இரும்பு கொறைஞ்சா இப்படித்தான் ஐஸ் திங்கத் தோணும்னு டாக்டர் சொன்னாரு. மனுஷ உடம்புல மொத்தமே நாலு கிராம்தானாம். ஒரு சின்ன ஆணி அளவு. அதையும் எங்கயோ தொலைச்சிட்டு நிக்கிறேன் பாருங்க."

சிரித்தாள். ஈறுகள் காகிதம்போல வெளுத்திருந்தன. அதே நேரத்தில் கூடத்து மாடத்திலிருந்து 'டக்' என்று ஒரு மெல்லிய சத்தம் கேட்டது. அங்கே வைத்திருந்த வாளின் புது உறை, ஒட்டு விட்டு மயிரிழை அளவு பிளந்திருந்தது.

சோற்றுப் பசையால் ஒட்டிய மர உறை. உள்ளே சுத்தம் செய்ய வேண்டுமென்றால் பிரித்துக்கொள்ளலாம் என்பதற்காகவே பசையை லேசாக வைப்பார்கள். குளிரில் விட்டிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான் எய்சுகே. ஆனால் பசை காய்ந்து விட்டுப்போனதாகத் தெரியவில்லை. உள்ளேயிருந்து எதுவோ பருத்துத் தள்ளியதுபோல இருந்தது.

போன வருடம் அந்த வாளைத் தேய்க்க ஆள் தேடி அவன் அலையாத இடமில்லை. அப்பா விட்டுப்போன பரம்பரைச் சொத்து. துரு படிந்து, கூரில் பழைய சண்டையின் தழும்புகள் மூன்று இருந்தன. மெருகு போட வேண்டும், புது உறையும் பிடியும் மாட்ட வேண்டும். பள்ளிக்கூட அலுவலகத்தில் இருபத்தாறு வருடம் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியவனை யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை. இலையுதிர்காலக் கண்காட்சியில், கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் தன் பெயர் இருந்தால் பார்ப்பார்கள். அந்த ஆசை அவனைப் பிடித்து ஆட்டியது.

முதலில் உசுகி என்ற பெண்ணிடம் போனான். நாற்பது வயது இருக்கும், வெடுக்கென்று பேசுகிறவள். தண்ணீர்த் தொட்டிக்கும் சாணைக்கல்லுக்கும் நடுவே குந்தியிருந்தவள், மூங்கில் ஆணியைத் தட்டிப் பிடியைக் கழற்றினாள். வெற்று அலகைத் தராசில் வைத்தாள். பிறகு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"தழும்பைப் போக்கணும்னா நாப்பது கிராம் தேயணும். என்னால ஆகாது சார். துருவைத் தொடச்சு எண்ணெய் போட்டுத் தரேன், எடுத்துட்டுப் போங்க."

"கண்காட்சிக்கு வைக்கணும்மா."

"இதுக்கு முன்னாடி எப்போ தேச்சாங்க?"

"நான் சின்னப் பையனா இருந்தப்போ, எங்கப்பா கொடுத்தாரு."

"அந்த வருஷம் உங்க வீட்ல யாரு போனாங்க?"

அவனுக்குச் சுருக்கென்றது. அம்மா போனாள். அடுத்த மாதமே தங்கை. கிணற்றடித் தொட்டியில் உறைந்த ஐஸை அம்மா கல்லால் உடைத்து உடைத்துத் தின்றது ஞாபகம் வந்தது. ஆனால் அதைக் கேட்க இவள் யார்?

"வேலை தெரியாதவங்கதான் இப்படிக் கதை விடுவாங்க."

"கதைதான். தாராளமா போங்க. ஊர்ல தேய்க்கிற கைக்கா பஞ்சம்?"

வேலை தெரிந்தவன் தொகுனாகா. சுவர் முழுக்கப் பரிசுச் சான்றிதழ்கள். தேநீர் கொடுத்தான், குனிந்து வணங்கினான். "தழும்பா? இருந்த இடம் தெரியாமப் பண்ணிடறேன் சார்" என்றான். காரில் திரும்பும்போது மிட்சுயோ சொன்னாள்: "அந்தப் பொம்பளைகிட்டயே கொடுங்க. வந்த வேலையை வேணாம்னு சொல்றவ பொய் சொல்லமாட்டா." உனக்கென்ன தெரியும் என்று அவன் சிரித்தான்.

வாள் வந்தபோது கூடவே ஒரு சீட்டும் வந்தது. தேய்ந்தது 42 கிராம், இப்போதைய எடை 688. கண்காட்சி நடந்த மூன்று நாளும் எய்சுகேவின் கால் தரையில் படவில்லை. தலைமையாசிரியர்கூட வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்.

உறை பிளந்த மறுநாள் தொகுனாகாவுக்குப் போன் போட்டான். அவன் மனைவிதான் எடுத்தாள்.

"படுத்திருக்காரு சார். சோறே எறங்கல. ஐஸ் மட்டும் கேக்கறாரு."

எய்சுகே போனை வைத்தான். பிடியைக் கழற்றி அலகைச் சமையலறைத் தராசில் வைத்தான். 692.

அன்று மாலைக்குள் வாளைக் கொண்டுபோய்ப் பதினோரு கிலோமீட்டர் தள்ளியிருந்த பள்ளிக்கூடக் கிடங்கில் பூட்டினான். பலனில்லை. மிட்சுயோவுக்கு ரத்தம் ஏற்றினார்கள். மூன்றாம் நாள் அதுவும் போன இடம் தெரியவில்லை. மாடிப்படி ஏற மூச்சு வாங்கியது அவளுக்கு. நகங்கள் கரண்டிபோலக் குழிந்தன. வாரக் கடைசியில் தொகுனாகாவின் சாவுச் செய்தி வந்தது.

கிடங்கிலிருந்து வாளை எடுத்துக்கொண்டு உசுகியின் வீட்டுக்கு ஓடினான். அவள் கதவை ஒரு சாண்கூடத் திறக்கவில்லை.

"உள்ள கொண்டு வராதீங்க."

"நான் பேசினது தப்புதாம்மா. என் பொண்டாட்டியக் காப்பாத்தணும். வழி சொல்லுங்க."

"தேய்க்கத்தான் எங்களுக்குத் தெரியும். தேய்ச்சதைத் திருப்பி வைக்க எந்தக் கையாலயும் ஆகாது." வாளைக் கண்ணால் காட்டினாள். "அதுவே தானா எடுத்துக்குது."

"எவ்வளவு எடுக்கும்?"

"எவ்வளவு தேச்சாங்க?"

கதவு மூடியது. பனியில் நின்றபடியே கணக்குப் போட்டான் எய்சுகே. ஆளுக்கு நாலு. ஒன்று, இரண்டு, மூன்று... பத்து விரலும் போதவில்லை.

பிப்ரவரியில் ஒரு பிற்பகல். மிட்சுயோ சமையலறையில் சுவரோரமாகப் படுத்திருந்தாள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலேயே படுக்கை வேண்டுமென்று கேட்டு வாங்கிக்கொண்டிருந்தாள். வாள் மறுபடியும் கூடத்து மாடத்திலேயே இருந்தது; அவன் அதன் முன் மண்டியிட்டான். வாளை வணங்கினான். மூச்சுக் காற்று பட்டால் துருப்பிடிக்கும் என்பதால், அப்பா சொல்லிக்கொடுத்தபடி, மடித்த காகிதத்தை உதட்டுக்கு நடுவே கவ்விக்கொண்டு அலகை மெல்ல உருவினான்.

அலகுக்குப் பூசிய கிராம்பு எண்ணெய் வாசனை. அதற்கடியில் இன்னொரு வாசனை, நாக்கைக் கடித்துக்கொண்டால் வாயில் வருமே, அது.

தொகுனாகா பளபளவென்று இழைத்த கூரில் ஒரு தழும்பு இருந்தது. தேய்த்து அழித்த முதல் தழும்பு. அதே இடம். அதே வடிவம். பக்கத்தில் இரண்டாவதும் தொடங்கியிருந்தது.

"ஏங்க..."

வாயில் காகிதம். அலகு பாதி வெளியே. உதடு பிரிந்தால் மூச்சு படும். நாற்பது வருடப் பழக்கம். அவன் உதடு பிரியவில்லை.

"ஏங்க, இங்க வாங்களேன்..."

வந்துட்டேன், வந்துட்டேன் என்று மனசுக்குள் கத்தினான். கத்தியபடியே அலகை அவசரப்படாமல், உறையில் உரசாமல், அங்குலம் அங்குலமாக உள்ளே விட்டான். இறுகியது. முன்பு அலகு வழுக்கிக்கொண்டு போன உறை, இப்போது இடமில்லை என்றது.

மூன்றாவது முறை அவள் கூப்பிடவில்லை.

காகிதத்தைத் துப்பிவிட்டு ஓடினான். மிட்சுயோ வாயைக் கொஞ்சம் திறந்தபடி கிடந்தாள். நாக்கின் மேல் ஒரு ஐஸ்கட்டி. ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். அது கரையவில்லை.

அன்று இரவு தராசு 696 காட்டியது. நாற்பத்திரண்டில் எட்டு போனால் முப்பத்துநாலு.

சவச்சடங்குக்குத் தெருவே வந்தது. பள்ளிக்கூடமும் வந்தது. இந்த ஊரில் சாவுக்குப் போகாமல் யாரும் இருப்பதில்லை. வராதீர்கள் என்று அவன் எப்படிச் சொல்வான்? வாளை மூட்டை கட்டி அலமாரிக்குள் தள்ளிவிட்டு, ஒவ்வொருவருக்கும் குனிந்து வணக்கம் சொல்லி உள்ளே அனுப்பினான். கூடம் நிறைந்தது. ஊதுவத்திப் புகை. மந்திரம். நடுவே அலமாரிக்குள்ளிருந்து ஒரு சத்தம். 'டக்'.

யாரும் திரும்பவில்லை.

சடங்கு முடிந்து எல்லோரும் வெளியேறினார்கள். ஆனால் தெருவில் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. எய்சுகே வாசலுக்கு வந்தான்.

கறுப்பு உடுப்பில், முழங்காலளவு பனியில், அவர்கள் சுவரை ஒட்டி வரிசையாக நின்றிருந்தார்கள். தலைமையாசிரியர். பக்கத்து வீட்டு இச்சிமுராவும் அவர் மகளும். பால்கடைக்காரி. மந்திரம் சொன்ன துறவி. எல்லோரும் தலையை அண்ணாந்து, கையை நீட்டி, கூரை விளிம்பில் தொங்கிய ஐஸ் விழுதுகளை ஒடித்துக்கொண்டிருந்தார்கள். பேச்சில்லை.

நறுக். நறுக். நறுக்.

கைக்கு எட்டும் உயரம் வரை ஒரு விழுதுகூட மிஞ்சவில்லை. இச்சிமுராவின் மகள் மட்டும் கடைசியாக ஒன்றை இரண்டாக உடைத்து, ஒரு துண்டை அவனிடம் நீட்டினாள்.

எய்சுகேவின் வாயில் எச்சில் ஊறியது.