பிரதிநிதி வீட்டு அடுப்பு

"வாங்கின நெருப்பை எப்படித் திருப்பிக் கொடுக்கிறது?"

இப்படிக் கேட்டபோது சிறுமி கெசையாவுக்கு ஆறு வயது. தீக்குச்சி வராத காலம். அன்று காலை அவர்கள் வீட்டு அடுப்பு அணைந்துபோயிருந்தது. பக்கத்துப் பண்ணை அசாகேல் டட்டில், மூடி போட்ட இரும்புச் சட்டியில் தணல் கொண்டுவந்து கொடுத்தார்.

"திருப்பியெல்லாம் வேண்டாம். எங்க அடுப்புல ஒண்ணும் குறையலியே" என்றார்.

கெசையாவுக்கு அந்தப் பதில் போதவில்லை.

அந்த வருடமே ஊர்க்கூட்டம் அசாகேலைத் தன் பிரதிநிதியாக அமெரிக்காவின் வெர்மான்ட் சட்டசபைக்கு அனுப்பியது. வேண்டும் என்பவர்கள் தொப்பிக்குள் சோளம் போட்டார்கள். வேண்டாம் என்பவர்கள் மொச்சை. தொப்பி நிறையச் சோளம்.

அதன்பின் ஒவ்வோர் இலையுதிர் காலமும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் கட்டிக்கொண்டு கிழட்டுக் குதிரையில் கிளம்புவார். சபையில் அதிகம் பேசமாட்டார். ஓநாய் கொன்றவருக்குப் பரிசு, வேலி தாண்டிய பன்றிக்கு அபராதம் என்று வந்த சட்டங்களுக்குக் கை தூக்குவார். அவர் தனிக்கட்டை. அதனால் திரும்பும் நாளில் ஊரார் முன்கூட்டியே அவர் வீட்டு அடுப்பை மூட்டி, ஆப்பிள் பணியாரத்தோடு காத்திருப்பார்கள்.

கெசையாவுக்குப் பத்து வயதானபோது, கீழூர் ஆற்றில் படகு கவிழ்ந்து சிலர் இறந்தார்கள். அங்கே பாலம் கட்ட எல்லா ஊருக்கும் வரி போடலாம் என்று அசாகேல் கை தூக்கினார். செய்தி அவருக்கு முன்னால் ஊர் வந்து சேர்ந்தது.

"பாலம் அவங்களுக்கு, வரி நமக்கா?" என்றார் கொல்லர். "அடுத்த தடவை தொப்பி நிறைய மொச்சைதான். வரவேற்பும் கிடையாது. பணியாரத்தை நாமளே தின்போம்."

கெசையாவின் அப்பாவும் தலையாட்டினார்.

பனி கொட்டிய ஒரு மத்தியானம் ஊசி, நூல் விற்பவர் வந்தார்.

"உங்க பிரதிநிதியை அடிவாரச் சத்திரத்துல பார்த்தேன். சாயங்காலம் வந்துடுவார். அவர் இருமுற இருமல்ல குதிரையே மிரளுது."

சாப்பாட்டு மேசையில் அப்பா ஜெபித்தார். "ஆண்டவரே, வழியில் இருக்கிற எல்லாரையும் காப்பாற்றும்."

"அப்பா, அசாகேல் மாமாவும் வழியிலதானே இருக்கார்?"

அப்பாவின் கரண்டி நின்றது. "பேசாம சாப்பிடு. வரவேற்புக்கு யாரும் போகக் கூடாது. அது ஊர் முடிவு."

கெசையா யோசித்துக்கொண்டே மென்றாள். வரவேற்பு கூடாது என்றார்கள். நெருப்பைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா தொழுவத்துக்கும் அம்மா தறிக்கும் போனதும், இரும்புச் சட்டியில் தணலை அள்ளிக்கொண்டு கிளம்பினாள். சட்டி கனத்தது. பனியில் வழுக்கி விழுந்தாள். சட்டியை மட்டும் விடவில்லை.

அசாகேல் வீட்டில் வாளித் தண்ணீர் கல்லாக உறைந்திருந்தது. தணலைப் பரப்பி, சுள்ளி அடுக்கி ஊதினாள். மூக்கு கருத்தது. கடைசியில் கட்டையும் பற்றியது. கதவைச் சாத்திவிட்டு வீடு திரும்பினாள்.

"மூக்குல என்னடி கரி?" என்றாள் அம்மா.

"அடுப்பு ஊதினேம்மா." பொய் இல்லை.

பொழுது சாயும் நேரம் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அசாகேல் வீட்டுப் புகைபோக்கியில் மெல்லியதாக ஓடிய புகை தடித்து எழுந்தது. அவர் வந்து புதுக் கட்டை போட்டிருக்கிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கெசையாவின் காலடித் தடங்களைப் பனி மூடிக்கொண்டிருந்தது.

அவள் தங்கள் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதில் ஒன்றும் குறையவில்லை.