வெள்ளி நிற டேப்

கொட்டகைச் சுவரில் தொங்கிய பழைய உயரமானி நானூறு அடி காட்டியது. அது தொங்கியது தரையிலிருந்து ஆளுயரத்தில். கடல் அங்கிருந்து கூப்பிடு தூரம்.

தம்பையா விமானம் கழுவும் குழாயைச் சுருட்டியபடி அதைப் பார்த்தார். மதியம் இரண்டு மணிக்கே போர்ட் பிளேயர் இருட்டிக் கிடந்தது. தகரக் கூரையில் மழை ஒரே சீராக இரைய, எண்ணெய் வாடையும் ஈரச் சாக்கு வாடையும் கலந்து தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தன. அவர் கழுவிய சின்ன விமானம் இப்போதுதான் கார் நிக்கோபாருக்குக் கிளம்பியிருந்தது. உள்ளே ஒன்பது பேர். ஒருத்தி அவர் மகள் ஹரிணி, அங்கே நர்ஸ் வேலை.

"முருகா, இது ஏன் ஏறுது?"

மெக்கானிக் முருகானந்தம் சாப்பாட்டு டப்பாவிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அரே தம்பையாண்ணே, எத்தனை தபா சொல்றது? அது உயரத்தையா அளக்குது? காத்தோட அழுத்தத்தைல்ல அளக்குது. மேல போனா காத்து லேசாகும், முள்ளு ஏறும். மழைக் காத்துக்கும் கொஞ்சம் ஏறும். டீக் ஹை? திங்க விடுங்க."

பெரிய முள் ஒரு முழுச் சுற்று சுற்றியது. ஆயிரம் அடி. மழைக்கு இவ்வளவா? மறுபடி ஒரு சுற்று. மேலே போகிற விமானத்தில் எப்படிச் சுற்றுமோ அதே வேகத்தில், அவசரமில்லாமல்.

விமானத்தின் இரு பக்கமும் சின்ன ஓட்டைகள் உண்டு. அவற்றில் நுழையும் காற்றை வைத்துத்தான் உள்ளே இருக்கும் உயரமானி உயரம் சொல்லும். கழுவும்போது தண்ணீர் போகாமலிருக்க அவற்றின்மேல் டேப் ஒட்டுவார் தம்பையா. கழுவியதும் உரித்து, முருகானந்தம் எண்ணிப் பார்க்கட்டும் என்று சுவரில் ஒட்டிவைப்பார். சிவப்பு டேப், மறந்தாலும் கண்ணில் குத்தும். இன்று சிவப்பு தீர்ந்துவிட்டது. மெயின்லேண்ட் கப்பல் வரவில்லை. வெள்ளி நிறத்தை ஒட்டினார். விமானத்தின் நிறம்.

உரிக்கக் கையைத் தூக்கிய நேரத்தில் ஹரிணி மழைக்குள்ளிருந்து கூப்பிட்டாள். பையைத் தூக்கிக்கொடுக்கப் போனார். பிறகு?

சுவரில் ஒன்றும் இல்லை.

"டேப்பு எங்கண்ணே?" முருகானந்தம் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"உரிச்சிட்டேன். பாக்கெட்ல கிடக்கு." யாரோ சொல்வதுபோல வாய் சொல்லிவிட்டது.

"உங்களை நம்பித்தான் பிளேன் கிளம்பலாம்னு கையெழுத்துப் போட்டேன். என் வேலைக்கு வேட்டு வெச்சிராதீங்க."

தம்பையா சிரித்துவைத்தார். தன் வேலையும்தான். இந்த வயதில் வேறு யார் கூப்பிடுவார்கள்?

முள் ஒன்பதாயிரத்தில் போய் நின்றது. வெகுநேரம் அங்கேயே நின்றது. மழை இரைச்சல் அடங்கினாற்போல் இருந்தது. அப்புறம்தான் தெரிந்தது, அவர் காது அடைத்திருந்தது. விமானத்தில் ஏறினால் அடைக்குமே, அப்படி. எச்சில் விழுங்கினார். திறக்கவில்லை.

முள் இறங்கத் தொடங்கியது.

எட்டாயிரம். ஏழு. மேகத்துக்குள் பைலட்டுக்குக் கடல் தெரியாது. ஓட்டை அடைபட்டதால் அவர் முன்னால் இருக்கும் முள் ஓடுபாதை உயரத்திலேயே நின்றிருக்கும். எந்த உயரத்தில் இருக்கிறோம் என்று எதை நம்பி இறக்குவார்?

"முருகா." முருகானந்தம் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டார். "முருகா, உரிக்கல. ரெண்டு பக்கமும் உரிக்கல."

முருகானந்தம் அவர் முகத்தைப் பார்த்தான். டப்பாவைப் போட்டுவிட்டு மழைக்குள் டவரைப் பார்த்து ஓடினான். "ரேடியோல சொல்லச் சொல்றேன்! ஹே பகவான், இவ்ளோ நேரம் என்ன பண்ணீங்க?"

மூவாயிரம்.

தம்பையா உயரமானியை இரண்டு கையாலும் பிடித்தார். குளிர்ந்து கிடந்தது. முள் நிற்கவில்லை.

ஆயிரம். ஐந்நூறு. நூறு.

பூஜ்யம்.

நிற்கவில்லை. பூஜ்யத்தைத் தாண்டிப் பின்பக்கமாக இறங்கியது. மெதுவாக. தரைக்குக் கீழே. காதுக்குள் இரும்பால் அழுத்தினாற்போல் வலித்தது. கொட்டகையில் உப்பு வாடை.

முருகானந்தம் வாசலில் வந்து நின்றான். நனைந்து, வாய் திறந்தபடி. இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினான்.

உயரமானியின் கண்ணாடி உள்ளிருந்து பனித்தது. ஒரு சின்ன வட்டம். சுருங்கியது. விரிந்தது. யாரோ மூச்சு விடுகிறார்கள்.

பிறகு உள்பக்கத்திலிருந்து ஒரு விரல், அந்த ஆவியை மெல்லத் துடைத்தது.