கடைசிப் பக்கத்துச் சிரிப்பு

துப்பறிவாளரின் அறை ஒரு தையற்கடைக்கு மேலே இருந்தது. மாடிப்படி ஏறும்போதே, திரும்பிப் போய்விடலாமா என்று வக்கீலம்மாவுக்குத் தோன்றியது. இத்தனை வருஷமும் அடுத்தவர் பிரச்சினையைச் சுமந்துகொண்டு படியேறியவள், தன் பிரச்சினையோடு ஒருவர் வாசலில் போய் நிற்பது இதுதான் முதல் தடவை.

துப்பறிவாளர் முன்பு அரசு வழக்கறிஞராக இருந்தவர். நீதிமன்ற வட்டாரத்தில் அவருக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். தலைபோகிற காரியம் என்று யார் ஓடி வந்தாலும் முதலில் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார், குடித்து முடிக்கும்வரை வாயே திறக்க மாட்டார். கூடவே இருக்கும் அவர் மைத்துனன் அதற்கு நேர்மாறு. வந்தவர் உட்காருவதற்குள் குற்றவாளியைப் பிடித்துவிடத் துடிப்பான்.

வக்கீலம்மா தண்ணீரைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேஜைமேல் வைத்தாள். வழக்கறிஞர் சங்கம் வாராவாரம் அச்சிடும் செய்தித்தாள் அது. யாருக்குப் பதவி உயர்வு, எந்த நீதிமன்றம் எந்தக் கட்டடத்துக்கு மாறுகிறது என்ற செய்திகள் போக, கடைசிப் பக்கத்தில் 'கோர்ட்டுக்குள்ளே சிரிப்பு' என்று ஒரு பகுதி வரும். மைத்துனன் அதை எடுத்து உரக்கப் படித்தான்.

"வக்கீல்: கோபம் வந்தால் என்னம்மா செய்வீர்கள்? கட்சிக்காரப் பெண்: மகனைப் போட்டு அடிப்பேன், கை ஓயற வரைக்கும். அப்புறம்தான் மனசு லேசாகும். வக்கீல்: நல்லது. கனம் கோர்ட்டார் முன்னால் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்!"

மைத்துனனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வக்கீலம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிக்கொண்டான்.

"இது என் கட்சிக்காரங்க என் அறையில சொன்னது," என்றாள் அவள். "கதவைச் சாத்திட்டுப் பேசினோம். அவங்களும் நானும் மட்டும்தான் இருந்தோம். ஆனா அவங்க மகனைச் சொல்லல சார். அவங்க பேக்கரி வெச்சிருக்காங்க. 'மாவப் போட்டு அடிப்பேன், கை ஓயற வரைக்கும்'னு சொன்னாங்க. ரொட்டி மாவு!"

"என்ன வழக்கு?" என்று கேட்டார் துப்பறிவாளர்.

"குழந்தை யார்கிட்ட இருக்கணும்ங்கற வழக்கு. ஏழு வயசுப் பையன். புருஷனும் பொண்டாட்டியும் பிரிஞ்சாச்சு. பையன் அம்மாகிட்டதான் வளர்ந்தான். எல்லாம் நல்லபடியாப் போயிட்டிருந்துச்சு. இந்தத் தாள் வந்த கையோட, போன வாரம் கோர்ட்டுல எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, 'கோபம் வந்தா கை ஓயற வரைக்கும் அடிப்பேன்னு உங்க வக்கீல்கிட்ட சொன்னீங்களா இல்லையா?'ன்னு கேட்டார். கட்சிக்காரர் தன் வக்கீல்கிட்ட பேசினதைக் கேட்கவே கூடாது. நான் ஆட்சேபணைன்னு எழுந்திருக்கறதுக்குள்ள, இவங்க அடிச்ச ஆணி மாதிரி 'சொன்னேன்'னுட்டாங்க. பொய் சொல்லத் தெரியாத மனுஷி. அப்புறம் 'மாவைத்தான் சொன்னேன்'னு கதறினாங்க. கோர்ட்டே சிரிச்சுது. அப்போதைக்குச் சமாளிக்கறாங்கன்னுதான் எல்லாருக்கும் பட்டுது."

"பையன்?"

"குழந்தை நல அதிகாரி விசாரிச்சு அறிக்கை கொடுக்கற வரைக்கும் அப்பாகிட்ட இருக்கட்டும்னு உத்தரவாயிடுச்சு. அந்த அம்மா படியிறங்கும்போது என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்க. 'நாலு சுவத்துக்குள்ள சொன்னது எப்படிம்மா வெளிய போச்சு?'ன்னாங்க. நான்தான் அவங்களை வித்துட்டேன்னு நினைக்கறாங்க."

துப்பறிவாளர் தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"சங்கத்துல கேட்டீங்களா?"

"போன்ல யார் யாரோ சொல்வாங்களாம். எழுதிக்கறதோட சரி, பேர் கேட்கறதில்லையாம்."

"அன்னிக்கு உங்க அலுவலகத்துல யாரெல்லாம் இருந்தாங்க?"

"குமாஸ்தா, தட்டச்சு பண்ற பொண்ணு, அப்புறம் எதிர் வீட்டு வக்கீல். மூணு பேர்தான்."

"எதிர் வீட்டு வக்கீல் எப்படிப்பட்டவர்?"

"வாயைத் திறந்தா ஜோக்தான்."

மைத்துனன் துள்ளி எழுந்தான். "அத்தான், ஆள் கிடைச்சாச்சு!"

"உட்காரு மச்சான்," என்றார் நிதானம்.

மறுநாள் மதியத்துக்கு மேல் இருவரும் அவள் அலுவலகத்துக்கு வந்தார்கள். அலுவலகம் என்பது அவள் வீட்டின் முன்பகுதிதான். வாசலைத் தாண்டினால் கூடம். அதில் தட்டச்சு மேஜை, காத்திருப்போருக்கு இரண்டு பெஞ்சு, ஓரத்தில் தொலைக்காட்சி. வக்கீலம்மாவின் அறைக்கதவை ஒட்டி ஒரு சாய்வு நாற்காலி. அதில் அவள் அப்பா உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் வாதாட எழுந்தால் கோர்ட்டே நிமிர்ந்து உட்காரும் என்று பேரெடுத்த வக்கீல். இப்போது தொழிலை விட்டுவிட்டார்.

"வணக்கம் ஐயா. சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்," என்றான் மைத்துனன்.

"சம்மனா? யாருக்கு?" என்று அவர் நிமிர்ந்தார்.

வக்கீலம்மா சங்கடத்தோடு சிரித்தாள். "காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியைப் பிரிக்கவே மாட்டேங்கறார்."

"என் காதுக்கு என்ன? உங்களுக்கெல்லாம் வாய்தான் சரியில்ல. முணுமுணுன்னு பேசறீங்க," என்றார் அப்பா. பிறகு மைத்துனனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு திருடன் தன் வக்கீலின் பேனாவையே எடுத்துக்கொண்டு போன கதையைச் சொன்னார். மைத்துனன் கண்ணில் நீர் வரச் சிரித்தான். கிழவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

துப்பறிவாளர் ஒவ்வொருவராகப் பேசினார். குமாஸ்தா இரண்டு கையையும் ஆட்டி மறுத்தார். "ஐயையோ, எனக்கு எதுக்கு சார் இந்த வேலை? அந்தம்மா எப்ப வந்தாலும் ஒரு பெட்டி பன் கொண்டு வருவாங்க. அவங்க ரொட்டியைத் தின்னுட்டு அவங்களுக்கே குழி பறிப்பேனா?"

"அன்னிக்கும் கொண்டு வந்தாங்களா?"

"கொண்டு வந்தாங்க. சமையலறையில வெச்சுச் சாப்பிட்டோம். கூடத்துல பிரிச்சா பெரிய ஐயா கேட்பாரு. அவருக்குச் சர்க்கரை. அதனால அவர் கண்ணுலயே காட்டறதில்ல."

தட்டச்சுப் பெண், தான் அப்போது வேலையாக இருந்ததாகச் சொன்னாள். "டிவி சத்தம்கூட இல்ல சார். மதியத்துல பெரிய ஐயா கண்ணசந்துடுவாரு. நான்தான் நிறுத்திடுவேன்."

எதிர் வீட்டு வக்கீலைக் கூப்பிட்டனுப்பினார்கள். மைத்துனன் கதவோரமாகப் போய் நின்றுகொண்டான், ஓடினால் பிடிக்க. வந்தவர் தாளைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நானா? என் ஜோக் இதைவிட நல்லா இருக்கும் சார். அதுவும் 'கனம் கோர்ட்டார்'னு இப்ப யார் சொல்றா? நான் கறுப்புக் கோட்டு போடறதுக்கு முன்னாடியே வழக்கொழிஞ்சு போச்சு. அன்னிக்கு வந்தேன், சமையலறையில பன் தின்னேன். உள்ள இருக்கற பேக்கரிக்காரம்மா கொண்டு வந்ததுன்னாங்க. கைமணம் பிரமாதம்னு சொல்லச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

அவர் போன பிறகு துப்பறிவாளர் மைத்துனனோடு வக்கீலம்மாவின் அறைக்குள் வந்து கதவைச் சாத்தினார்.

"அம்மா, நீங்க அந்தப் பெண்கிட்ட கேட்ட கேள்வி என்ன? அப்படியே சொல்லுங்க."

"'மனசு ரொம்பச் சோர்ந்து போனா எப்படிச் சமாளிக்கறீங்க?'ன்னு கேட்டேன்."

"தாள்ல 'கோபம் வந்தால்'னு இருக்கு. அப்ப இதைச் சொன்னவர் காதுல உங்க கேள்வி விழல. நீங்க தணிஞ்சு பேசறவங்க. அந்த அம்மா?"

"பேக்கரி மெஷின் சத்தத்துக்கு நடுவுல நிக்கறவங்க. கத்தித்தான் பேசுவாங்க."

"அந்தக் குரல் மட்டும் கதவு வழியா வெளிய வந்திருக்கு. விட்ட இடத்தை அவரே நிரப்பிக்கிட்டார். இது ஒண்ணு. அடுத்தது, மாவு மகனானது. பேக்கரிக்காரம்மான்னு தெரிஞ்சவங்க யாருக்கும் அது மகன்னு கேட்காது. குமாஸ்தாவுக்குத் தெரியும், பொண்ணுக்குத் தெரியும், எதிர் வீட்டுக்காரருக்கும் தெரியும். மூணு பேரும் பன் தின்னவங்க."

"அப்ப நாலாவதா ஒரு ஆள் வந்திருக்கான்!" என்றான் மைத்துனன்.

"வரல. இங்கேயே இருக்கார். பன் கொடுக்கப்படாத ஒருத்தர். டிவி நின்ன பிறகு, தூங்கறார்னு எல்லாரும் நினைச்ச ஒருத்தர். 'சும்மா'ன்னா 'சம்மன்'னு கேட்கற ஒருத்தர். கனம் கோர்ட்டார்னு சொல்லியே வாழ்ந்த ஒருத்தர்."

வக்கீலம்மா மூடியிருந்த கதவைத் திரும்பிப் பார்த்தாள். யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேட்டபோது அப்பா நினைவுக்கே வரவில்லை. அவர் அங்கே இல்லாத நாளே கிடையாது. அதனாலேயே கண்ணில் படாமல் போய்விட்டார். கட்சிக்காரர் விவகாரம் வெளியே போகக் கூடாது என்று அப்பாவிடம்கூட வழக்குகளைப் பற்றி அவள் மூச்சு விடுவதில்லை. ஒரு வார்த்தை, 'பேக்கரிக்காரம்மா வந்திருக்காங்கப்பா' என்று சொல்லியிருந்தால் போதும்.

அப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். தாளைப் பார்த்ததுமே அவர் முகம் பிரகாசமானது.

"போட்டுட்டானா! நான்தான் போன் பண்ணிச் சொன்னேன். பேர் ஊர் எதுவும் சொல்லலையே! அந்தக் கடைசி வரி நானா சேர்த்தது. கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்கள்! நல்லா இருக்கில்ல?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். வக்கீலம்மா அவர் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னாள். பேக்கரி, மாவு, பையன், உத்தரவு. அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்திலிருந்த வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"பேர் சொல்லாமத்தானே சொன்னேன். எப்படிக் கண்டுபிடிச்சாங்க?"

"அந்தம்மா புருஷன் கண்டுபிடிச்சிருக்கார் ஐயா. அவர் வக்கீல் மேஜையில இந்தத் தாளைப் பார்த்திருப்பார்," என்றார் துப்பறிவாளர் குரலை உயர்த்தி. "'கை ஓயற வரைக்கும்'ங்கறது அந்தம்மா வாயில அடிக்கடி வர்ற பேச்சா இருக்கணும். அதைக் கேட்டுக் குடும்பம் நடத்தினவர். பேச்சை அடையாளம் தெரிஞ்சவருக்கு, அது மாவைப் பத்தினதுன்னும் தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சும் வக்கீலை விட்டுக் கேட்க வெச்சிருக்கார்."

"அப்ப அந்த ஆளை விடக் கூடாது!" என்று மைத்துனன் கையை முறுக்கினான்.

"எப்படிப் பிடிப்பே? மாவுன்னு எனக்குத் தெரியாதுன்னு அவர் ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது."

வக்கீலம்மா அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, நீங்க கோர்ட்டுல வந்து சொல்லணும். கதவுக்கு வெளிய இருந்தேன், தப்பாக் கேட்டுட்டேன்னு."

அவர் நிமிர்ந்தார். கூண்டில் நிற்பவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள் ஒரு கணம் கூர்மையாயின.

"சத்தியம் பண்ணிட்டா நான் கேட்டதைத்தானேம்மா சொல்லணும்? அந்தப் பொண்ணு 'மவனப் போட்டு அடிப்பேன்'னுதான் சொன்னா. என் காதால கேட்டேன்."

"இல்லப்பா. மாவு."

"நீ உன் கட்சிக்காரிக்காகச் சொல்றே. அது உன் கடமை. ஆனா நான் பொய்ச்சாட்சி சொல்ல மாட்டேன். இந்த வயசுலயா அதை ஆரம்பிப்பேன்?"

வக்கீலம்மா மறுபடி சொன்னாள். கத்தியும் சொன்னாள். காது மெஷின் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். அவர் அதைத் தொடாமல் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டார். தொலைக்காட்சியைப் போட்டுக்கொள்ளவில்லை.

"அவர் பொய் சொன்னா நமக்கு வழி இருந்திருக்கும்," என்றார் துப்பறிவாளர் மெல்ல. "உண்மையா நம்பறார். குறுக்கு விசாரணையில அவரை யாராலயும் அசைக்க முடியாது."

"நான் வழக்கிலிருந்து விலகிட்டு, நானே சாட்சி சொன்னா?"

"சொல்லலாம். அந்தம்மா சம்மதிச்சா போதும். ஆனா முதல் கேள்வியே, அப்ப வீட்டுல வேற யார் இருந்தாங்கன்னுதான் வரும். பதில் சொன்னா அடுத்த சம்மன் உங்கப்பாவுக்கு."

மைத்துனன் காது மெஷின் பெட்டியை எடுத்து, பிரிக்காமலே திரும்ப வைத்தான்.

சாயங்காலம் வக்கீலம்மா பேக்கரிக்குப் போனாள். பேக்கரிக்காரம்மா முழங்கை வரை மாவோடு மேஜையருகே நின்றிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னாள் வக்கீலம்மா. சொல்லி முடித்தபோது, திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

"உங்கப்பாவா? அந்த நாற்காலியில இருப்பாரே, அவரா?" என்று கேட்டாள் பேக்கரிக்காரம்மா. "போகும்போது வரும்போது கும்பிடுவேன். அவரும் சிரிப்பாரு."

"அவரைக் கூண்டுல ஏத்தித்தான் ஆகணும்னு நீங்க சொன்னா, ஏத்தறேன். அவர் என்ன சொல்வாருன்னு மட்டும் தெரிஞ்சுக்கங்க."

அவள் கையிலிருந்த மாவைச் சுரண்டி எடுத்தாள். "வேணாம்மா. அவர் வந்து அப்படிச் சொல்லி, அது என் பையன் காதுக்கும் போனா? நாளைக்கு அவனே, அம்மா அப்படித்தான் சொல்லியிருப்பாளோன்னு நினைச்சா?" கொஞ்சம் பொறுத்து, "நீங்க விக்கல. அது தெரிஞ்சுது. அது போதும்னு சொல்லத்தான் மனசு வரல," என்றாள்.

தன் வீட்டிலிருந்தே பேச்சு கசிந்த பிறகு தான் அதில் நிற்கக் கூடாது என்று, வக்கீலம்மா வழக்கை எதிர் வீட்டு வக்கீலிடம் ஒப்படைத்தாள். ஒரு சிரிப்புகூட இல்லாமல் அவர் வழக்குக் கட்டை வாங்கிக்கொண்டார். அதிகாரியின் அறிக்கை வரவேண்டும், அது நல்லபடியாக வந்தால் பார்க்கலாம் என்றார். அறிக்கை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அதுவரை வாரத்துக்கு ஒரு மணி நேரம், நீதிமன்றக் கட்டடத்தில் சந்திப்பு அறையில், அம்மா பையனைப் பார்க்கலாம்.

முதல் சந்திப்பன்று வக்கீலம்மாவும் போனாள். வழக்கில் இல்லாதவள் என்பதால் உள்ளே விடவில்லை. தாழ்வாரத்தில் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தாள். சின்ன நாற்காலிகள், ஒரு பொம்மை அலமாரி, மூலையில் குறிப்பெடுக்கும் அதிகாரி. பையன் அம்மாவின் மடியில் ஏறவில்லை. எதிரே உட்கார்ந்து, காலை ஆட்டிக்கொண்டே ஏதோ கேட்டான். பேக்கரிக்காரம்மா பதில் சொல்லாமல் அவன் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தாள். அவன் மறுபடி கேட்டான். இந்தத் தடவை அவள் சொல்லத் தொடங்கினாள், இரண்டு கையையும் விரித்து, நிறுத்தி நிறுத்தி. அதிகாரி தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

தடித்த கண்ணாடி. ஒரு வார்த்தைகூட வெளியே வரவில்லை. வக்கீலம்மா நெற்றி கண்ணாடியில் படும்படி நின்று, அவர்கள் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். காவலர் வந்து, நேரமாயிற்று என்று கதவைத் தட்டினார்.