எல்லாம் அழியும்... சம்மதமா?

"கொன்னுட்டேன்!"

அலறல் கேட்டு, மாடியிலிருந்து மூன்று மூன்று படியாகத் தாவி இறங்கினான் மச்சான்.

சாப்பாட்டு மேஜை மேல் கிடந்தது பிணம்!

முகம் நீலம். அசைவில்லை. பக்கத்தில் நின்ற பல் டாக்டரின் விரல் இன்னும் நீட்டியபடியே இருந்தது.

பிணம்... டாக்டர் மனைவியின் லேப்டாப்.

மனைவி க்ரைம் எழுத்தாளர். நாற்பது நாவல்களில் நூற்றுப் பன்னிரண்டு பேரைத் தீர்த்துக் கட்டியவர். வாசகர்கள் அவர் எழுத்துக்கு நடுங்குவார்கள். டாக்டர் அவர் செருப்புச் சத்தத்துக்கே நடுங்குவார். மச்சான், அந்த அம்மாளின் கூடப்பிறந்த தம்பி.

"எப்படி மாமா நடந்துச்சு?"

"ரொம்ப மெதுவா ஓடுதேன்னு பாவப்பட்டு ரெக்கவரி போட்டேன்டா. அறுபது பர்சென்ட்ல நின்னுடுச்சு. சரி, ஒரு அமுக்கு அமுக்கிப் பாக்கலாம்னு..."

"எதை?"

"பவர் பட்டனை."

"பாதியிலயா?! அக்காவோட புது நாவல் இதுலதானே இருக்கு!"

டாக்டர் வாய் திறக்குமுன் போன் அலறியது. மனைவி!

"ஏங்க, பதிப்பகத்துலேருந்து கிளம்பிட்டேன். நாலரைக்கு வந்துருவேன். நாவலை ஒரு தடவை பாத்துட்டு அஞ்சு மணிக்கு அனுப்பியே ஆகணும். லேப்டாப் பக்கம் போயிடாதீங்க!"

"நா... நான் ஏம்மா போறேன்!"

மணி மூன்று.

"மச்சான், நீதான்டா காப்பாத்தணும். சாஃப்ட்வேர் கம்பெனியில பெரிய ஆளுதானே நீ?"

"அங்க கேன்டீன் பாத்துக்கறேன் மாமா!"

"லேப்டாப்பை வெச்சுக்கிட்டு சாப்பிடறவங்களைப் பாத்திருப்பே இல்ல? அது போதும். உக்காரு!"

மச்சான் உட்கார்ந்தான். போனில் தேடினான். உதட்டைக் கடித்தான்.

"இனி ரெக்கவரிக்கு வழியே இல்ல. ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதுசா போடணும். ஒரு பென்டிரைவ் கொண்டாங்க."

டாக்டர் உள்ளே ஓடினார். ஏதோ உருண்டது. பென்டிரைவோடு திரும்பி வந்தார். மச்சான் அதைத் தன்னுடைய லேப்டாப்பில் செருகினான்.

"இதுல இருக்கறது எல்லாம் அழியும், சம்மதமான்னு கேக்குது மாமா."

"சம்மதம்! அமுக்கு!"

இருபது நிமிடம். சிஸ்டம் பென்டிரைவில் ஏறியது. பென்டிரைவ் பிணத்தின் இடுப்பில் ஏறியது.

"மறுபடியும் கேக்குது. டிஸ்க்ல இருக்கறது எல்லாம் அழியும், சம்மதமா?"

"அய்யய்யோ... நாவல்?"

"பதறாதீங்க. அக்கா எப்பவும் ஒரு காப்பி தனியா வெச்சிருப்பா. எனக்கு நல்லாத் தெரியும்."

"என் தங்கமே! அமுக்குடா!"

பத்து சதவீதம்... முப்பத்தெட்டு... எழுபத்து நாலு...

நின்றது!

படபடப்பு வந்தால் டாக்டருக்குக் கவிதை வரும். வந்தது.

"நீலத் திரையே... நீ எந்தன் காலத் திரையே..."

"மாமா, வேணாம். ஏற்கெனவே ஒரு சாவு விழுந்திருக்கு!"

எழுபத்தைந்து... தொண்ணூறு... நூறு!

லேப்டாப் கண் விழித்தது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டு மேஜையைச் சுற்றிக் குதித்தார்கள். ஒரு நாற்காலி கவிழ்ந்தது. யார் கவனித்தார்கள்?

"சரி மாமா, அக்காவோட காப்பியை எடுங்க. உள்ள போட்டுருவோம்."

"எங்க இருக்கு?"

"அவ டிராயர்ல. ஒரு பென்டிரைவ் இருக்குமே..."

டாக்டரின் முகம் வெளுத்தது.

"டிராயர்ல இருந்தது... ஒண்ணே ஒண்ணுதான்டா."

இரண்டு தலைகளும் மெல்லத் திரும்பி, லேப்டாப்பின் இடுப்பைப் பார்த்தன.

அழைப்பு மணி அடித்தது!

மனைவி உள்ளே வந்தார். டாக்டர் தடாலென்று காலில் விழுந்து, லேப்டாப்பைக் கொன்றதை ஒப்புக்கொண்டார். அழுகையே வந்துவிட்டது.

மனைவி மூன்று வினாடி முறைத்தார். கைப்பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு தட்டுத் தட்டினார்.

"நாவல் போயிடுச்சு."

"அழிஞ்சே போயிடுச்சா?"

"அச்சுக்குப் போயிடுச்சுங்க! பன்னெண்டு வருஷமா உங்களோட குடித்தனம் பண்றேன். எழுதினதை அன்னன்னிக்கு எனக்கே மெயில் பண்ணிடுவேன்."

"என் ராசாத்தி!" துள்ளி எழுந்தார் டாக்டர். "அப்ப உன் பென்டிரைவ் காலிதானே? அதையும் அழிச்சிட்டோம்!"

மனைவியின் சிரிப்பு அணைந்தது.

"டிராயர்ல இருந்ததா? அதையா அழிச்சீங்க? அதுல உங்க கவிதைங்க! முன்னூத்தி இருபது! நீங்க எழுதின நோட்டு தொலையறதுக்கு முன்னாடியே ராப்பகலா டைப் பண்ணி வெச்சேன். அஞ்சு வருஷமா பதிப்பாளரைக் கெஞ்சி, இன்னிக்குத்தான் புத்தகமா போட ஒத்துக்கிட்டார்!"

டாக்டர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"சம்மதம்னு சொன்னதே நான்தானேம்மா..."

போன் அடித்தது. பதிப்பாளர்! மனைவி ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், நாவல் வந்துடுச்சு. அந்த... கவிதை ஃபைல்... எப்ப வரும்?" குரல் நடுங்கியது.

"அழிஞ்சு போச்சு சார். ஒண்ணுகூட மிச்சமில்ல."



மறுமுனையில் யாரோ விசிலடிக்கும் சத்தம்! தொடர்ந்து, தழுதழுத்த குரலில் பதிப்பாளர்... "ஆழ்ந்த அனுதாபங்கள் மேடம்!"

மச்சான் டாக்டரின் தோளில் ஆதரவாகக் கை வைத்தான்.

"அழாதீங்க மாமா. கொலை பண்ணினோம்னு பயந்தோம்... பாருங்க, ஒரு உயிரைக் காப்பாத்தியிருக்கோம்!"