நேராக நின்ற ஒன்று

படத்தில் எல்லாமே தலைகீழாக இருந்தது. அதில் தப்பு ஒன்றுமில்லை; அந்தத் தொலைநோக்கி அப்படித்தான் காட்டும். ஆற்றுக்கு அக்கரை வயல் மேலே கூரை போல விரிந்து கிடக்க, அதிலிருந்து பனைகள் வௌவால்களாகத் தலையைத் தொங்கவிட்டிருக்க, அவற்றுக்கும் கீழே பொழுது சாய்ந்த வானம் பால் திரிந்த நிறத்தில் தேங்கி நின்றது. இரண்டு வாரமாகப் பார்த்துப் பழகிய காட்சிதான் சிராஜுதீனுக்கு.

தப்பு, பனைகளுக்கு நடுவே இருந்தது. அங்கே ஓர் ஆள் நின்றது. நேராக.

லேப்டாப்பின் மேல் குனிந்தான். படத்தில் நேராக நிற்கிறதென்றால், அக்கரையில் நிஜத்தில் அது தலையை வயலுக்குக் கொடுத்து, காலை ஆகாயத்தில் ஊன்றியிருக்கிறது.

கேமராவில் கோளாறு என்று நினைத்துக்கொண்டான். திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் பழைய கம்ப்யூட்டர் கடையில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த வெப்கேமரா அது. வீடு வீடாகக் கண்காணிப்புக் கேமரா மாட்டுவதுதான் அவன் பிழைப்பு, கை சும்மா இருக்குமா? வாங்கி வந்த அன்றே லென்ஸைக் கழற்றினான். உள்ளே சிவப்பாக மினுங்கிய கண்ணாடிச் சில்லைப் பிளேடால் நெம்பி எறிந்தான். மிச்சத்தைத் தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றில் எம்-சீல் வைத்து ஒட்டி, தொலைநோக்கியில் கண் வைக்கும் இடத்தில் செருகிவிட்டான். மனிதக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைத் தடுப்பதற்கென்றே வைத்த சில்லு அது. எடுத்துவிட்டால் மங்கல் பிறையும் பளிச்சென்று விழும் என்று கணக்குப் போட்டான். வேறு என்னவெல்லாம் விழும் என்று யோசிக்கவில்லை.

இன்றைக்குப் பிறை தெரிந்தால் நாளை நோன்பு. மொட்டை மாடியில் தொலைநோக்கியோடு அவன் மனைவி இஷ்ரத் நின்றாள். லேப்டாப்பின் பேட்டரி செத்து நாளாகிவிட்டது. கரண்டோடு கட்டிப் போட்டால்தான் உயிர். மாடியில் பிளக் கிடையாது. அதனால் வென்டிலேட்டர் வழியாக வயரை இறக்கி, கீழறையில் அவன் உட்கார்ந்திருந்தான். போனில் அவன் சொல்லச் சொல்ல அவள் குழாயைத் திருப்புவாள். பக்கத்தில் சேலைத் தொட்டிலில் எட்டு மாதப் பெண் நஸீஹா உறங்கினாள். அடுத்த வீட்டுப் பீடித் தட்டிலிருந்து புகையிலைத் தூளின் காட்டம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது.

“இஷ்ரத், அக்கரைல பனைக்கு நடுவுல யாரும் நிக்காங்களா?”

“ஒரு காக்கா கூட இல்ல மச்சான்.” ஸ்பீக்கரில் அவள் குரல் கரகரத்தது. “பிறையப் பாக்கச் சொன்னா பனைய எண்ணுதீங்களாக்கும்?”

தெருவிலிருந்து ஒரு குரல் வந்தது. பள்ளிவாசல் செயலாளர் முகம்மது மைதீன், நாலைந்து பேரோடு ஜன்னலுக்குக் கீழே நின்றார்.

“என்ன வே சிராஜு, போன வருசம் டவர் லைட்டப் பிறைன்னு காட்டுனீரு. இந்த வருசம் என்னத்தக் காட்டப் போறீரு?”

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு ஒரு வருஷமாக அவன் காதுக்குள்ளேயே குடியிருந்தது.

“இந்த வருசம் ஒரிஜினல் மாமா. செத்த நில்லுங்க, பள்ளியில கொண்டாந்து போட்டுக் காட்டுதேன்.”

“நாங்க பள்ளியிலயே இருக்கோம். பைய வாரும்.”

அவர்கள் செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. திரும்பிப் பார்த்தான். திரையின் அடிமூலையில், வெள்ளி நூலாக, பிறை விழுந்திருந்தது.

ரெக்கார்டிங்கை அமுக்கினான். “இஷ்ரத், கிடைச்சிட்டு. அசைக்காத. அப்படியே பிடி.”

பிறை துல்லியம். பனைகள் துல்லியம், ஓலைகூட உறைபனி பூத்தாற்போல வெள்ளையாகத் தெரிந்தது. அந்த ஆள் மட்டும் கலங்கியிருந்தது. சற்றுமுன் ஓலையைப் போலவே கூர்மையாக இருந்த ஆள்.

தொலைநோக்கியின் பக்கவாட்டில் ஒரு திருகு உண்டு. தூரத்துச் சாமானுக்கு உள்ளே திருக வேண்டும், கிட்டத்துச் சாமானுக்கு வெளியே. பனை தெளிவாக இருக்க ஒன்று கலங்குகிறதென்றால், அது இப்போது பனைக்குப் பக்கத்தில் இல்லை.

“திருகப் பைய வெளிய திருப்பு.”

பிறை கரைந்தது. பனைகள் பஞ்சாயின. அது தெளிந்தது. நடு ஆற்றில், தண்ணீருக்கு மேலே.

தொங்கவில்லை அது. தொங்கினால் முடி தரையைப் பார்த்து விழும். இதன் முடியோ தோளில் படிந்து, முதுகில் இறங்கி, வானத்தைப் பார்த்து வழிந்தது. தரையில் நாம் நிற்பதுபோல வானத்தில் நின்றது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழவழவென்று தோல் மட்டும். யாருடையதும் இல்லாத முகம்.

“மச்சான், நான் இறங்கட்டா? ஆத்துப் பக்கம் ஒரு தவள கூடக் கத்தல. நனைஞ்ச கோழி மாதிரி என்னமோ வாட அடிக்கி.”

தொட்டில் அசைந்தது. பிள்ளை சிணுங்கினாள்.

இறங்கு என்று ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் பிறை இன்னும் கொஞ்ச நேரத்தில் ஓலைக்குள் இறங்கிவிடும், பதிவானது கண் சிமிட்டும் நேரம்தான், அதைக் கொண்டுபோய்ப் போட்டால் மைதீன் மாமா மறுபடியும் சிரிப்பார். சில்லைப் பிடுங்கிய இடத்தில் பசை கசிந்திருக்கும், அதன் நிழல்தான் இது. அப்படிச் சொல்லிக்கொண்டான். நம்பவில்லை. ஆனாலும் சொல்லிக்கொண்டான்.

“பழையபடி உள்ள திருகு. ஒரே ஒரு நிமிசம் நில்லு, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்.”

“அங்கன என்னத்தத்தான் பாக்குதீங்க?”

“ஒண்ணுமில்ல. நில்லு.”

அவள் நின்றாள். பிறை திரும்பக் கூர்மையானது. அதன் மேல் புகை போல ஒரு மங்கல் படர்ந்தது. படர்ந்து பெருத்தது. ஒரு பனை அளவு. இரண்டு பனை அளவு. ரெக்கார்டிங் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தொட்டில் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பிறை மறைந்தது. ஓலைக்குள் அல்ல. மங்கலுக்குள்.

“வெளிய திருகு. இன்னும். இன்னும் இஷ்ரத்.”

“கடைசிக்கு வந்துட்டு. இதுக்கு மேல வர மாட்டேங்கு.”

தெளியவில்லை. திருகு முடிந்தும் தெளியவில்லை. அப்படியென்றால் ஆற்றில் இல்லை. தெருவில் இல்லை.

மாடியில்.

“கீழ வா.” குரல் கிழிந்தது. “எல்லாத்தையும் போட்டுட்டு வா. இப்பமே வா.”

“என்ன மச்சான்…”

“வா.”

திரை இருண்டது. போனில் காற்றுச் சத்தம். பிறகு படியில் காலடி. ஒவ்வொரு படியாக. பதறாமல். கதவு திறந்தது. இஷ்ரத்.

அவன் கட்டிலில் அப்படியே சாய்ந்து, “அல்ஹம்துலில்லாஹ்” என்றான். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு தொட்டில் பக்கம் போனாள். நனைந்த இறகு வாடை அறைக்குள் வந்தது. பிள்ளை வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

திரையில் வெளிச்சம் திரும்பியது.

படம் தானாகத் தெளிந்தது. மேலே திருகை யாரோ உள்ளே திருப்புகிறார்கள். வயல் வந்தது. பனைகள் வந்தன, தலைகீழாக, வெள்ளையாக. நடுவில் ஒருத்தி நின்றாள். நேராக. முக்காடு போட்டு, காதில் போனை வைத்து, மறு கையை இடுப்பில் ஊன்றி. இஷ்ரத் போன் பேசும்போது அப்படித்தான் நிற்பாள்.

கட்டிலில் கிடந்த போன் கரகரத்தது. இணைப்பு இன்னும் அறுபடவில்லை.

“மச்சான், படி எங்கன போவுது? இறங்குதேன், இறங்குதேன், முடியவே மாட்டேங்கு.”

அவன் போனைக் கையில் எடுத்தான்.

“ஒரே இருட்டா இருக்கு. லைட்டப் போடுங்களேன்.”

முதுகுக்குப் பின்னால் பிள்ளையின் அழுகை பட்டென்று நின்றது.

“பிள்ள சத்தத்தக் காணும்,” என்றது போன். “ஒறங்கிட்டாளா?”

அவன் திரும்பினான்.

அது பிள்ளையை எடுத்து வைத்திருந்தது. பெற்றவளின் பதவிசோடு, மார்போடு அணைத்து, முதுகைப் பையத் தட்டிக்கொண்டு. பிள்ளையின் பாதங்கள் இரண்டும் அதன் தோளில் சாய்ந்திருந்தன. தலை தரையைப் பார்த்துத் தொங்கியது. நஸீஹா விழித்துத்தான் இருந்தாள். அவனையே பார்த்தாள். வாய் அகலத் திறந்திருந்தது.

சத்தம் மட்டும் வரவில்லை.