பாலகாட் ஷாஃப்ட், கடைசி லெவல்

காலையில் ஷைலா எழுதி வைத்த அட்ரஸ் மாலையில் மாறியிருந்தது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள். எழுதி முடித்த புரோகிராமை எந்தத் தூரத்துச் சர்வருக்கு அனுப்புவது என்று ‘கிட்’ என்ற மென்பொருளில் ஒரு ரிமோட் அட்ரஸ் கொடுத்து வைப்பார்கள். பெங்களூர் ஆபீஸ் சர்வரின் அட்ரஸ் இருக்கவேண்டிய இடத்தில் ‘பாலகாட் ஷாஃப்ட், கடைசி லெவல்’ என்று இருந்தது.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. கேஜிஎஃப் தங்கச் சுரங்கத்தின் பழைய குவார்ட்டர்ஸ் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தத்துக்கு நடுவே, தரையில் உட்கார்ந்து படம் வரையும் மகள் நிக்கோலின் கிரேயான் உரசும் சத்தமும், அதற்கும் கீழே, தரைக்கு வெகு ஆழத்தில், இரும்புக் கயிறு ஒன்று மெதுவாகச் சுற்றிக்கொள்வது போன்ற சத்தமும் கேட்டன. சுரங்கத்துக்குள் இறங்கும் அந்த ஷாஃப்டை மூடி, உள்ளே தண்ணீர் ஏறி எத்தனையோ வருஷமாகிறது.

அந்த அட்ரஸை முதலில் சொன்னது அவள்தான், விளையாட்டுக்கு.

போன வாரம் ரூபேஷ் போன் செய்திருந்தான். ராபர்ட்சன்பேட்டைப் பையன், வேலைக்குப் புதுசு.

“கோவிச்சுக்காதீங்கக்கா. அட்ரஸ் இன்னான்னு இன்னொரு வாட்டி சொல்றீங்களா?”

“கேஜிஎஃப்புல பொறந்துட்டு ஷாஃப்டுக்கு வழி தெரியலையா? எழுதிக்கோ: பாலகாட் ஷாஃப்ட், கடைசி லெவல்.”

எழுதிக்கொண்டான். அவள் அதை ஆபீஸ் குரூப்பில் போட, எல்லோரும் சிரித்தார்கள். எந்த அட்ரஸைக் கொடுத்தாலும் கிட் அப்போதைக்கு நம்பி வைத்துக்கொள்ளும். அனுப்பும்போதுதான் அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கதவைத் தட்டிப் பார்க்கும். யாரும் இல்லை என்று திரும்பி வரும், பையன் விழிப்பான் என்றுதான் அவள் காத்திருந்தாள்.

“போயிடுச்சுக்கா,” என்றான் ரூபேஷ், அன்று மாலை மறுபடி போன் செய்து. “வாங்கிக்கினாங்க.”

அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. இன்று காலை அவன் அம்மா கங்கம்மா மழையில் நனைந்து வாசலில் வந்து நின்றாள்.

“எங்க ரூபேஷு உங்கிட்ட எதுனா சொன்னானாம்மா?”

“எனக்கெதுவும் தெரியாதுங்க. மீட்டிங் இருக்கு.”

தலை துவட்ட ஒரு துண்டு கொடுத்திருக்கலாம். கதவைச் சாத்தினாள்.

இப்போது அந்த அட்ரஸை அழித்துச் சரியானதை எழுதினாள். பார்த்தாள். பாலகாட் ஷாஃப்ட். மறுபடி அழித்தாள். பாலகாட் ஷாஃப்ட். துருப்பிடித்த தண்ணீரின் வாடை அறைக்குள் ஏறியது.

திரையில் ரூபேஷின் பெயர் ஒளிர்ந்தது. கால். அவள் கை தானாக எடுத்தது. முகம் தெரியவில்லை, இருட்டும், சுவரில் வழியும் தண்ணீரின் சத்தமும்தான்.

“அக்கா. சரியான அட்ரஸ் சொல்லுங்கக்கா. ஒரே வரி. மேல வந்துடறேன்.”

ஒரே வரி. அவளுக்கு மனப்பாடம். தாகத்துக்குத் தண்ணீர் கொடுப்பதைவிடச் சின்ன உதவி. ஆனால் அங்கிருந்து வருவது ரூபேஷாகத்தான் இருக்குமா?

“நீ யாருன்னே எனக்குத் தெரியாது.”

தண்ணீர் சொட்டியது.

“சரிக்கா. உங்க வீட்டு அட்ரஸ் தெரியும். அதையே போட்டுக்கறேன்.”

லேப்டாப்பை அறைந்து மூடினாள். கரண்ட் போனது.

கிரேயான் சத்தம் நின்றது.

தரைக்கு அடியில் மணி. சுரங்கத்துக்குள் ஆளை ஏற்றி இறக்கும் கூண்டில், கேஜில், ஆள் ஏறியதும் அடிக்கும் மணி. கயிறு ஓடியது. ஏதோ இறங்கியது. ஏதோ ஏறியது.

“நிக்கோல்?”

இருட்டில் தரையைத் தடவினாள்.

கரண்ட் வந்தது. நிக்கோல் அதே இடத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் கிரேயான். பின்னலிலிருந்து சாம்பல் நிறச் சேறு சொட்டியது. மெல்லத் திரும்பினாள். பல்லெல்லாம் சேறு.

“இன்னாக்கா,” என்றது நிக்கோலின் குரல். “தலை துவட்ட ஒரு துண்டு குடுங்க.”

தரைக்குக் கீழே, வெகு கீழே, இரும்பைச் சின்னக் கைகள் தட்டின.

“அம்மா.”

தட்டல்.

“அம்மா... இருட்டா இருக்கும்மா.”